சுவரிலிருந்து மூன்று பொருட்கள்

என் கணவர் அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று நான் வாய் திறக்கவில்லை. நான் வாய் திறக்காததுதான் எங்கள் குடியிருப்பில் அன்றைக்குப் பெரிய செய்தி. காவலாளி பக்கத்தில் வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மலைத்துப்போய் நின்றேன், அவ்வளவுதான். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நடுவில் முழுசாக ஒரு மோட்டார் சைக்கிள், கறுப்பு நிறம், முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற பளபளப்பு. சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற மூன்று சக்கரச் சைக்கிள் வளர்ந்து, படித்து, நல்ல வேலைக்கும் போனால் இப்படித்தான் இருக்கும். பின் இருக்கை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், உயரத்தில், ஒரு நாற்காலி அகலத்துக்கு இருந்தது. ரிவர்ஸ் கியர்கூட உண்டு என்றார். மோட்டார் சைக்கிள் பின்பக்கமாகப் போகும் என்பதை என் ஐம்பத்து மூன்று வயதில்தான் கேள்விப்படுகிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது வேறொன்று. அதற்கு ஸ்டாண்டு கிடையாது. எதிலும் சாயாமல், யாரும் பிடிக்காமல், அது பாட்டுக்கு நின்றது. மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இடது கையால் அதை ஒரு தள்ளு தள்ளினேன். சாயவில்லை. இடுப்பைக் கொடுத்து முட்டினேன். அப்போதும் சாயவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இரும்புச் சாமானைப் பார்த்து அழுவதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுகை வந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களிடம் சாதாரண இரண்டு சக்கர வண்டி இருந்தது. ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் நிறுத்தி, வலது காலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் மணல். கால் வழுக்கியது. வண்டி மெதுவாக, மிக மெதுவாக, நின்ற இடத்திலேயே சாய்ந்தது. அவர் எப்படியோ தன் காலை அதற்கு அடியில் கொடுத்தார். அதனால் அது என் மேல் விழவில்லை. சைலன்சர் சுட்ட தழும்பு அவர் கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. நான் விழும்போது வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஓடுகிற வண்டியில் விழுந்திருந்தால் விதி என்று விட்டிருப்பார். நிற்கிற வண்டியில் விழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அந்த வாரமே வண்டியை விற்றுவிட்டார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில், வாடிக்கையாளர் பார்க்காத உள்ளறையில் வேலை செய்கிறேன். கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்தி, கடுகைவிடச் சின்னத் திருகாணியை முடுக்கித் தர வேண்டும். மணிக்கட்டுக்குள் தகடு வைத்த பிறகு என் கை முழுதாகத் திரும்புவதில்லை. அதனால் ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டு சட்டத்தைத் திருப்பப் பழகிவிட்டேன். வேலை தடையில்லாமல் நடக்கிறது. என் முதலாளிக்கே வித்தியாசம் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியும். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன், வீட்டிலிருக்கிற பாட்டில் டப்பா மூடி அத்தனையையும் ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்துவிட்டுத்தான் போவார். நான் சிரமப்படக் கூடாதாம். மூடியைப் பிடித்துத் தூக்கி, சர்க்கரையைத் தரையெல்லாம் எத்தனை தடவை கொட்டியிருக்கிறேன் என்பது எங்கள் வீட்டு எறும்புகளுக்குத்தான் தெரியும்.

நான் விழுந்ததற்காக அவர் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்கிறார். எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அவருக்குக் காது கேட்காது.

முப்பது வருடமாகத் தகரம் அடிக்கிறார். பெரிய கட்டடங்களுக்குள் குளிர்காற்று போகிற தகரக் குழாய்கள் இருக்கின்றனவே, அவற்றை வெட்டி, மடித்து, சுத்தியலால் தட்டிச் செய்கிற பட்டறை. அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. காது மெஷின் வாங்கினோம். அதைப் போட்டால் தட்டில் ஸ்பூன் படுவதுகூடப் பட்டறை மாதிரி இருக்கிறது என்று ஒரே வாரத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். இப்போது வாங்கின வண்டிக்கும் மூன்றே சக்கரம் என்று மேல்வீட்டுக்காரி சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆகவே பதினோரு வருடமாக நான் கத்துகிறேன். சாப்பிட வாருங்கள் என்பதையும் கத்துவேன், சட்டையில் பட்டன் தைத்தாயிற்று என்பதையும் கத்துவேன். பேருந்தில் நான் "அடுத்த ஸ்டாப்" என்றால் டிரைவர் பிரேக் போடுவார். எனக்கு 'சைரன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கத்திச் சொல்லக் கூடிய விஷயங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. ஆனால் "எனக்கு உங்க மேல கோபமே இல்ல" என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்திப் பாருங்கள், எப்படி இருக்கிறது என்று தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போய், "சரி, சரி, கோபப்படாத" என்றார். கீழ்வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள்.

எழுதியும் காட்டினேன். எங்கள் வீட்டில் எழுதி வைக்கிற வழக்கம் ஒன்று உண்டு, சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற நாட்களில் மட்டும். 'பால் பாத்திரம் மேல் தட்டில்', 'உங்கள் தங்கை போன் செய்தாள்' என்று சீட்டு ஒட்டினால் அர்த்தம், இந்த அம்மாவின் கோபம் இன்னும் மலையிறங்கவில்லை என்பது. எனக்குக் கோபமில்லை என்று எழுதிய சீட்டை அவர் படித்துவிட்டு, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு முழுக்க என் கண்ணில் படாமல் பட்டறையிலேயே இருந்தார். அதோடு அந்த முயற்சியையும் விட்டேன்.

வண்டி வாங்கியது என்னை ஏற்றிக்கொண்டு போகத்தான். அதை அவர் வாயால் சொல்லவில்லை. பின் இருக்கையைத் துடைக்கிற விதத்தில் தெரிந்தது. ஆனால் ஏற விட்டால்தானே? நான் காலைத் தூக்கினால், "இரு இரு, அதெல்லாம் மாட்டணும். மாட்டினப்புறம் ஏறு" என்பார். அதெல்லாம் என்றால் எதெல்லாம்? ஒரு பட்டியல் வைத்திருந்தார். வாரத்துக்கு வாரம் அது நீண்டது. மூன்று வாரம் ஆயிற்று. பயத்தை மூட எந்தக் கடையிலும் உறை விற்பதில்லை. இப்படியே விட்டால் இந்த மனிதர் ஒரு நாளும் என்னை ஏற்றப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

வண்டி விற்ற கடையில் ஒரு ஏற்பாடு இருந்தது. வாங்கி ஒரு மாதத்துக்குள் போனால், சுவரில் தொங்குகிற கூடுதல் பொருட்களில் எதையாவது மூன்று காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், அவர்களே பொருத்தித் தருவார்கள். கடைசிச் சனிக்கிழமை கிளம்பினோம். அவர் வண்டியில் போனார். நான் பேருந்தில் போனேன். புது வண்டி வாங்கின வீட்டில் பெண்டாட்டி பேருந்தில் போகிற அதிசயத்தைக் காவலாளி வாசல் வரை வந்து பார்த்தார்.

கடைக்குள் நுழைந்ததும் நான் இரண்டாம் தடவையாக வாயடைத்துப்போனேன். ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, கொக்கி கொக்கியாகப் பொருட்கள். கண்ணாடிகள், விளக்குகள், தோல் பைகள், காற்று மறைக்கிற தடுப்புகள், கைப்பிடிக்கு உறை, சைலன்சருக்கு மூடி. ஒவ்வொன்றும் பளபளவென்று. கூரை விளக்கு அத்தனையிலும் பட்டுத் தெறித்தது. ஒரு வண்டிக்கு இவ்வளவு நகை இருக்கிறது என்று யார் நினைத்தார்கள்? எனக்கே கல்யாணத்தில் இதில் கால்வாசி போடவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பட்டியலை எடுத்து நீட்டினார். அவள் கண்ணாடியை ஏற்றி ஏற்றி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"பின் சீட்டுக்கு முதுகுச் சாய்மானம், கைவச்சது. சரி. அகலக் கால்மிதி. சரி. மூணாவது என்னங்க இது, படம் போட்டிருக்கீங்க?"

"தகரத்துல ஒரு தடுப்பு," என்றார் அவர். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசினால் கடைசி வரிசை வரை கேட்கும். "சீட்டைச் சுத்தி மூணு பக்கமும். அளவெல்லாம் போட்டிருக்கேன். அடிக்கறத நானே அடிச்சுக்குவேன். அதை மாட்ட உங்ககிட்ட கம்பி இருக்கான்னு சொல்லுங்க."

நான் படத்தை எட்டிப் பார்த்தேன். பட்டறையில் வரைகிற அதே கோடுகள், அதே மடிப்புக் குறிகள். நடுவில் குச்சி மனிதராக நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்ததே கோபம்.

"என்னை என்னன்னு நெனச்சீங்க? ஏசிக் காத்தா? குழாய்க்குள்ள அடைச்சுக் கொண்டுபோகறதுக்கு?"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். டயர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"விழக் கூடாதுல்ல," என்றார் அவர்.

"விழாத வண்டின்னுதானே வாங்கினீங்க!"

"எல்லாம் விழும்," என்றார். அப்புறம் கால்மிதிகளைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

கவுண்டர்க்காரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டி பிரியப் போகிறார்கள் என்றே முடிவு கட்டியிருப்பாள். அவள் கண்ணாடி மறுபடி சரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "கழட்டிக் குடுங்க" என்று வாங்கி, என் கைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். எங்கே போனாலும் அது என்னோடு வரும். காதுக்குப் போகிற கம்பியின் திருகாணி கழன்றிருந்தது. ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்து, சட்டத்தைச் சுற்றினேன். தலை நிமிர்ந்தால் அவர் அங்கிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு வருடமாக இதே கூத்து.

கண்ணாடியைப் போட்டுக்கொண்ட கவுண்டர்க்காரி, "அப்பாடா, உலகம் நேரா நிக்குது," என்றாள். நன்றிக்கோ என்னவோ, கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதைப் போட்டுப் பாருங்க. எல்லாருக்கும் காட்டறதில்ல."

"எனக்கு ஹெல்மெட் இருக்கு."

"போடுங்க, சொல்றேன்."

போட்டேன். அவள் இன்னொன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, கடையின் மறுகோடியில், ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் போய் மறைந்தாள். நான் முட்டாள் மாதிரி நின்றேன். திடீரென்று என் காதுக்குள், என் சொந்த நினைப்பு பேசுகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில், ஒரு குரல் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் எப்பவுமே இப்படித்தானா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. திரும்பி வந்து விளக்கினாள். காது வருகிற இடத்தில் உள்ளே ஸ்பீக்கர், வாய்க்கு நேரே மைக். ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் பேசிக்கொண்டே போகலாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கவாட்டில் ஒரு திருகு. எங்கள் ஹெல்மெட்டுகளிலேயே ஒட்டித் தருவார்களாம், மூன்று பொருட்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாமாம்.

"எவ்வளவு கூட்டலாம்?" என்று கேட்டேன்.

"காது கிழியற வரைக்கும் கூட்டலாம். ஏன்?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். நேராக அவரிடம் போனேன். தோளைத் தட்டி, ஹெல்மெட்டைக் காட்டி, மூணாவது இதுதான் என்று கத்தினேன். பேசறதுக்கு என்று வாயைக் குவித்துக் காட்டினேன்.

அவர் ஹெல்மெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நமக்குள்ள பேச என்ன இருக்கு?" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தக் கடையில் வைத்துக் கத்த முடியாத பதில்.

"கைப்பிடிக் கம்பியாவது வாங்கலாம். அதுல ஒரு அர்த்தம் இருக்கு," என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் கவுண்டருக்கு வந்து, கடைத் தாளில் மூன்றாவதாக அந்த ஸ்பீக்கரை எழுதச் சொல்லி, எதிரே இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனை வாங்கியாயிற்று, அங்குசத்தையாவது நான் தேர்ந்தெடுக்கிறேன். அவர் வந்து தாளை எடுத்தார். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் கண் என் கையெழுத்தில் போய் நின்றது. மணிக்கட்டு உடைந்ததிலிருந்து அது ஏறுமாறாகக் கீழ்நோக்கித்தான் போகும். "சரி, இருக்கட்டும்," என்று தாளை மடித்துக் கொடுத்தார்.

பொருத்த ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைக்குப் பின்னால் பெரிய சிமென்ட் முற்றம். சாய்மானமும் கால்மிதியும் ஏறிய பிறகு அந்த வண்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை, தடவிக்கொண்டே நின்றேன். எங்கள் இரண்டு ஹெல்மெட்டுக்குள்ளும் ஸ்பீக்கரை வைத்து ஒட்டிய மெக்கானிக், நெட்டையான, நல்ல மனிதர், "சாரைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. நான் பாத்துட்டு அனுப்பறேன்," என்றார்.

அவர் ஓட்டினார். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் நிறுத்தினார். நிறுத்தியதும் இரண்டு காலும் சடாரென்று தரைக்கு இறங்கின.

"கால்! காலைத் தூக்குங்க!" என்று மெக்கானிக் ஓடினார். "சார், இதுல கால் ஊனவே கூடாது! பின் சக்கரம் ரெண்டும் உங்க காலுக்கு நேரே வருது. கால் மேல ஏறிடும்!"

அவருக்கு என்ன கேட்டது? கையைக் காட்டிவிட்டு மறுபடி சுற்றினார். கோடு வந்தது, நிறுத்தினார், மறுபடி கால்கள். இந்தத் தடவை வண்டி இன்னும் முழுதாக நிற்கவில்லை. சக்கரம் அவர் குதிகாலைத் தொட்டு, செருப்பைப் பிடுங்கி, அதன் மேல் ஏறி நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டு சக்கரம் ஓட்டினவர்கள் எல்லாருமே முதலில் இதைச் செய்வார்கள் என்றார் மெக்கானிக். ஆனால் இவர் செய்தது பழக்கத்தால் மட்டும் இல்லை. வண்டி நிற்கிற நொடிதான் அவருக்கு எமன். அந்த நொடியில் பிடித்தாக வேண்டும், இந்தத் தடவை வழுக்கக் கூடாது என்று இரண்டு வருடமாக அந்தக் கால்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. மூன்று வாரமாக ஒவ்வொரு சிக்னலிலும் இப்படித்தான் காலைக் கொடுத்துக்கொண்டு போய் வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாலு தடவை, ஐந்து தடவை. மெக்கானிக்கின் தொண்டை கட்டிவிட்டது. "என்னால கத்த முடியலம்மா. நீங்க பின்னாடி ஏறி ஹெல்மெட்ல சொல்லுங்களேன்," என்றார்.

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தபோது நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, புதுக் கால்மிதியில் கால் வைத்து, ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து, நிமிர்ந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இறங்கு. இன்னும் இல்ல. இறங்குன்னு சொல்றேன்ல!"

நான் சாய்மானத்தில் நன்றாகச் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டேன். இவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் நான் பிடித்ததற்கு அதுவும் கிடையாது. மெக்கானிக் அவருடைய ஹெல்மெட்டில் இருந்த திருகைக் கடைசி வரை திருப்பிவிட்டு விலகி நின்றார்.

"கேக்குதா!" என்று நான் பழக்க தோஷத்தில் சைரனை எடுத்துவிட்டேன்.

அவர் இருக்கையில் துள்ளி விழுந்தார். "ஐயோ! யாரு?" என்று இரண்டு பக்கமும் பார்த்தார். மெக்கானிக் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெதுவாகப் பேச வேண்டும். ஆனால் மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பதினோரு வருடமாக எடுக்காத குரல் அது. இருக்கிறதா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பக்கத்தில் தூங்குகிறவரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

"நான்தாங்க."

அவர் முதுகு அப்படியே நின்றுவிட்டது. திரும்பவில்லை. ஒரு கை மேலே போய் ஹெல்மெட்டைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டது.

"நீயா பேசுற?"

"நானேதான். வண்டியை எடுங்க. மெதுவாப் போங்க."

எடுத்தார். முற்றம் எங்களுக்குக் கீழே நகர்ந்தது. கோடு நெருங்கியது. அவர் முதுகு இறுகுவது எனக்குத் தெரிந்தது. "கால் வேண்டாங்க," என்றேன். "அதுவே நிக்கும். நான் தள்ளிப் பாத்திருக்கேன், சாயாது." கால்கள் பாதி இறங்கி, தரையைத் தொடாமல் தவித்து, மேலே போயின. அடுத்த சுற்றில் இறங்கவே இல்லை. ஆனால் என் காதில் வேறொன்று கேட்டது. அவர் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "கால் வேண்டாம், கால் வேண்டாம், அதுவே நிக்கும்." தன் மைக் வழியே அது எனக்கு வருகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு பயந்த குரல் அந்தப் பெரிய உடம்புக்குள் இருந்ததை இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் நான் கேட்டதில்லை. சுத்தியல் பிடித்த மனிதர்.

மெக்கானிக் கட்டைவிரலைக் காட்டி, முற்றத்தின் கதவைத் திறந்துவிட்டார்.

தெருவுக்கு வந்தோம். அவர் என்னை இறக்கிவிடவில்லை. இறங்கு என்று சொல்லவும் இல்லை. காற்று வந்தது. சாலை அகலமாகத் திறந்து கிடந்தது. எத்தனையோ தடவை பேருந்து ஜன்னலில் பார்த்த அதே சாலைதான், ஆனால் இந்த உயரத்திலிருந்து, இந்த அகலத்தில், கூரை இல்லாமல், எனக்கு ஏதோ புது ஊருக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. நடந்துபோகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

சிக்னல் சிவப்பானது.

அவர் நிறுத்தினார். எங்களைச் சுற்றி இருபது, முப்பது இரு சக்கர வண்டிகள் வந்து நின்றன. ஒவ்வொருவரும் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார்கள். நடுவில் நாங்கள் மட்டும் நான்கு காலும் மேலே இருக்க, எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். வண்டி நின்றது. அது பாட்டுக்கு நின்றது. அவர் மூச்சு என் காதுக்குள் மெல்ல அடங்கியது.

இனிமேல் எப்போது சொல்வது?

"என்னங்க," என்றேன். "எனக்கு உங்க மேல கோபம் இல்ல. அன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. வண்டி என் மேல விழாம நீங்க காலைக் குடுத்தீங்க. நான் பாத்தேன். அதை மட்டும்தான் நான் நினைச்சுட்டிருக்கேன்."

பதில் இல்லை. முதுகு அசையவில்லை. நான் காத்திருந்தேன். எதிரே எண்கள் குறைந்துகொண்டே வந்து பச்சை விழுந்தது. பக்கத்து வண்டிகள் எல்லாம் பறந்தன. இவர் எடுக்கவில்லை. பின்னால் ஒரு ஹாரன், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒரே அலறல். கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்ததைச் சொல்லி முடித்திருக்கிறேன், இந்தப் பாழாய்ப்போன மெஷினும் வேலை செய்யவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"எனக்கு உங்க மேல கோபமே இல்லன்னு சொன்னேன்!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். நடைபாதையில் போன ஒருவர் நின்றுவிட்டார்.

"ஏன் கத்துற?" என்றது காதுக்குள் அவர் குரல். கரகரத்திருந்தது. "முதல் தடவையே கேட்டுச்சு."

"கேட்டா வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களா? பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு, பின்னாடி ஹாரன் அடிச்சே கொல்றாங்க!"

"ஹாரன் எனக்குக் கேக்கல," என்றார். "நீ மட்டும்தான் கேக்குற." ஹெல்மெட்டைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

பின்னால் அத்தனை ஹாரன்களும் அலறிக்கொண்டிருந்தன. நான் மெதுவாகச் சொன்னேன்.